புதுக்கார் வாங்கும் முன்… ஷோரூமைத் தாண்டி இரண்டு இடங்களைப் பாருங்கள்!

விலை குறைந்திருக்கிறது, கடன் கிடைக்கிறது, சாலை அகலமாகியிருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கார் வாங்குவதே இப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. ஆனால் வண்டியின் பாதுகாப்பையும் உழைப்பையும் சர்வீஸையும் எப்படி எடை போடுவது? ஒரு முழுமையான அலசல்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளும் காலையிலேயே கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். பானெட்டில் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறையில் வந்த மகன், பக்கத்தில் அப்பா, பின்சீட்டில் அம்மாவும் மருமகளும் மகளும், மருமகளின் மடியில் கைக்குழந்தை. கற்பூரம் காட்டியதும் வண்டி மெல்ல நகரும். பழம் நசுங்கும். வண்டி கோயில் தெருவைக் கடந்து திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்சீட்டில் ஒருவர்கூட பெல்ட் மாட்டியிருக்க மாட்டார்கள்.

வண்டியைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ‘ஆன்ரோடு எவ்வளவு ஆச்சு?’, ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’, ‘டாப் எண்டா?’ இந்த வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும், ரிப்பேராகி நின்றால் எந்த ஊருக்கு இழுத்துப் போக வேண்டும் என்ற கேள்விகள் அநேகமாக எழுவதே இல்லை. விபத்து நடந்த இரவில்தான் அவை எழுகின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீத வரியும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தன. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை இன்ஜின் கொண்ட வண்டிகளுக்கு இந்தச் சலுகை. நம் ஊரில் விற்கும் குடும்பக் கார்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ‘டூவீலரே போதும்’ என்றிருந்த வீடுகளும் இப்போது கணக்குப் போடத் தொடங்கியிருக்கின்றன.

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி, விமான நிலையம், மொத்தக் கடை என்று எதற்கும் சாலை வழியாகத் திருச்சிதான். எனவே இங்கே கார் வாங்குகிறவர் வாங்கிய நாள் முதலே நான்குவழிச் சாலையின் வேகத்தோடும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகளோடும் தினமும் ஓட்ட வேண்டியவர்.

ஒரு காரின் உண்மையான தரம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, மோதிப் பார்க்கும் சோதனைக்கூடம். இன்னொன்று, பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப். வாங்குகிறவர் இந்த இரண்டையும் பார்க்காமல், விளக்கொளியில் மின்னும் ஷோரூமை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார். இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

பூஜ்யத்தில் தொடங்கிய கணக்கு

2014 ஜனவரியில் ‘குளோபல் என்கேப்’ அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து கார்களை மோதவிட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ என ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடு மோதலில் குலையாமல் நின்றது. ஏர்பேக் இல்லாததுதான் குறை. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. மற்ற மூன்று கார்களில் கூடே நசுங்கி உள்ளே வந்தது. அப்படிப்பட்ட வண்டியில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இல்லை. கூடு உறுதியாக இருந்தால்தான் ஏர்பேக் விரிந்து வேலை செய்ய இடமிருக்கும். ‘ஆறு ஏர்பேக் இருக்கு சார்’ என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது, ‘கூடு எப்படி?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

அதன்பிறகு நிலைமை வேகமாக மாறியது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆனது. 2020-ல் டாடா ஆல்ட்ரோஸ், மஹிந்திரா எக்ஸ்.யு.வி.300 ஆகியவையும், 2021-ல் டாடா பஞ்சும் ஐந்தைத் தொட்டன. 2022 அக்டோபரில், கடுமையாக்கப்பட்ட புதிய விதிகளின் கீழ் ஃபோக்ஸ்வாகன் டைகூன், ஸ்கோடா குஷாக் இரண்டும் பெரியவர், குழந்தை என இரு பிரிவிலும் ஐந்து வாங்கின. அதே விதிகளின் கீழ் 2022 டிசம்பரில் மாருதி ஸ்விஃப்ட்டுக்குக் கிடைத்தது ஒன்று. 2024 நவம்பரில் அதே மாருதியின் புதிய டிசையர் ஐந்து பெற்றது. ஒரே நிறுவனம், இரண்டு ஆண்டு இடைவெளி, ஒன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள தூரம். எனவே ‘இந்தக் கம்பெனி வண்டி தகரம்’, ‘அந்தக் கம்பெனி வண்டி இரும்பு’ என்று டீக்கடையில் சொல்லப்படும் தீர்ப்புகளை வைத்து முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது நீங்கள் வாங்கும் மாடலின் முடிவை.

இப்போது நமக்கே சொந்தமாக ‘பாரத் என்கேப்’ இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறை. அந்த டிசம்பரில் டாடா ஹாரியர், சஃபாரி இரண்டின் முடிவுகளோடு கணக்கு தொடங்கியது. காரின் முகப்பில் ஒரு பகுதி மட்டும் மோதும்படி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சோதனை, பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சோதனை, ஐந்து, நான்கு, மூன்று நட்சத்திரம் வேண்டுமென்றால் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையும் உண்டு.

■ பெட்டி 1: நட்சத்திரத்தைப் படிக்கும் முறை

• எந்த ஆண்டுச் சோதனை? குளோபல் என்கேப் 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கியது. 2018-ன் ஐந்தும் 2024-ன் ஐந்தும் ஒன்றல்ல.

• குழந்தைகளுக்கான நட்சத்திரம் தனி. பாரத் என்கேப்பில் பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 புள்ளிகள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று பாருங்கள்.

• எந்த வேரியன்ட் சோதிக்கப்பட்டது? உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் வேரியன்ட்டில் அதே வசதிகள் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

• குளோபல் என்கேப் அறிக்கையில் உடற்கூடு ‘நிலையானது’, ‘நிலையற்றது’ என்று தனியே ஒரு வரி இருக்கும். நட்சத்திரத்தைவிட முக்கியமான வரி அது.

• பாரத் என்கேப் சோதனை கட்டாயமல்ல; நிறுவனம் விரும்பினால் மட்டுமே. நட்சத்திரம் இல்லாத வண்டி என்றால் ‘ஏன் சோதனைக்கு அனுப்பவில்லை?’ என்று ஷோரூமில் கேட்பது உங்கள் உரிமை.

சோதனை 64-ல்… சாலை 110-ல்!

ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரை ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை, அந்த நட்சத்திரம் 64 கிலோமீட்டர் வேகத்துக்கானது. மோதலின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 110-ல் போகும் கார் சுமக்கும் இயக்க ஆற்றல், 64-ல் போகும் காரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கைத் தாங்கும் என்று எந்தச் சோதனைக்கூடமும் சான்று தரவில்லை.

இரண்டாவது உண்மை நம் சாலை சார்ந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி. ‘நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதி…’ என்று தொடங்கும் செய்தி இந்த வட்டாரத்து நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. காரின் முன்பகுதி நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் லாரியின் பின்பலகை உயரமானது. பானெட் அதன் அடியில் நுழைந்துவிடும். லாரியின் விளிம்பு நேராக முன்கண்ணாடி உயரத்தில் வந்து மோதும். விசையை வாங்க வேண்டிய பகுதி வாங்குவதற்கு முன்பே ஆள் இருக்கும் இடத்துக்கு இரும்பு வந்துவிடும். இந்த விபத்தில் நட்சத்திரம் ஓரளவுக்குத்தான் உதவும். மோதாமல் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

எனவே கார் வாங்கும்போது மோதலுக்குப் பிந்தைய பாதுகாப்போடு, மோதலுக்கு முந்தைய பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். திடீரென்று குறுக்கே வரும் மாட்டுக்கோ மொபெட்டுக்கோ ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது வண்டி சுழலாமல் பிடித்து நிறுத்தும் ஈ.எஸ்.சி. வசதி எல்லா வேரியன்ட்டிலும் இருக்காது. சன்ரூஃபுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஈ.எஸ்.சி. உள்ள வேரியன்ட்டுக்குக் கொடுங்கள். ஹெட்லைட்டை இரவில் ஒருமுறை போட்டு ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் பகலில்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டயர் விஷயத்தில் நமக்கு ஒரு பெருமை. எம்.ஆர்.எஃப். ஆலை பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் இருக்கிறது. டயர் செய்யும் மாவட்டத்துக்காரர்கள் டயரைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. டெலிவரி எடுக்கும் நாளில் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் இந்த எண்ணைப் பாருங்கள்.

பின்சீட்டில் புதைந்த பக்கிள்

புதுக்கார் வந்த வாரமே சீட் கவர் போடுவது நம் வழக்கம். உறை போட்ட பிறகு பின்சீட் பெல்ட்டின் பக்கிள் உறைக்கு அடியில் புதைந்துவிடும். தேடி எடுத்தால்தான் கிடைக்கும். தேட யாரும் மெனக்கெடுவதில்லை. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டியில் தவறான உறையைப் போட்டால் அந்த ஏர்பேக்கும் வெளியே வர வழியிருக்காது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணித்தது பென்ஸ் காரில். பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை. உலகின் விலை உயர்ந்த பாதுகாப்புத் தொழில்நுட்பமும் பெல்ட் மாட்டாதவருக்குக் கைகொடுக்கவில்லை. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. பெல்ட் இல்லாமல் முன்னே எகிறும் உடம்பின் மேல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் ஏர்பேக்கே காயத்துக்குக் காரணமாகிவிடும். முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது அதனாலேயே கொடிய ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ அமர்த்தாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ஆயிரம் ரூபாய்க்காக அல்ல, அந்தப் பிள்ளைக்காக இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு பழக்கம், முன்பக்கம் பளபளவென்று மாட்டும் இரும்பு பம்பர் கார்டு. வண்டிக்குப் பலம் என்று நினைத்துப் போடுகிறார்கள். மோதலின் விசையை அது நேராகச் சட்டத்துக்குக் கடத்தி, ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் குழப்பிவிடும். எதிரே வரும் பாதசாரிக்கும் எமன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைகளில் விற்பனை இன்னும் நிற்கவில்லை.

■ பெட்டி 2: எண்கள் சொல்லும் கதை

• 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகள் 4,61,312; உயிரிழந்தோர் 1,68,491.

• அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

• அதே ஆண்டு நாடு முழுவதும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டுநர் அல்ல, உடன் பயணித்தவர்கள்.

• பெல்ட் போடாமலே அலாரத்தை அடக்கும் போலி கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன.

• விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக் கட்டணத்தைத் தமிழக அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.

உழைக்கும் வண்டி எது?

பாதுகாப்புக்கு நட்சத்திரம் இருக்கிறது. வண்டி எத்தனை ஆண்டு தொல்லை தராமல் ஓடும் என்பதற்கு அப்படி ஒரு பொது அளவுகோல் நம் நாட்டில் இல்லை. ஆனால் தகவல் இருக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால்.

முதல் இடம் டாக்ஸி ஸ்டாண்ட். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல், அதே இன்ஜினோடு வாடகைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் பத்து ஆண்டில் ஓட்டும் தூரத்தை டாக்ஸி டிரைவர் சில ஆண்டிலேயே ஓட்டியிருப்பார். கிளட்ச் எத்தனையாயிரத்தில் போனது, சஸ்பென்ஷன் சத்தம் எப்போது தொடங்கியது, ஏ.சி. கம்ப்ரஸர் தாங்கியதா என்று வரிசையாகச் சொல்வார். இரண்டாவது, கம்பெனி சாராத உள்ளூர் மெக்கானிக். எந்த வண்டி தன் பட்டறைக்கு எதற்காக வருகிறது என்பது அவருக்குத் தெரியும். கார் வாங்கும் முன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவது, பத்து யூடியூப் வீடியோவைவிடப் பயன் தரும்.

புதிதாக அறிமுகமான மாடலை முதல் சில மாதங்களில் வாங்குவதைத் தவிருங்கள். புதிய இன்ஜின், புதிய கியர்பாக்ஸ், புதிய மென்பொருள் மூன்றும் ஒன்றாக வரும்போது குறைகள் வாடிக்கையாளரின் சாலையில்தான் தெரியவரும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை, சுரங்கச் சாலைகளில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரையும் ஏ.சி. ஃபில்டரையும் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே பார்க்க வேண்டும். தூசி அதிகமான சாலைக்குக் கையேடே தனி அட்டவணை கொடுத்திருக்கும்.

வண்டியைத் திரும்ப அழைக்கும் ‘ரீகால்’ பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ரீகால் வந்தால் மோசமான வண்டி என்று நினைக்கிறார்கள். 2022 அக்டோபரில் கியா தன் கேரன்ஸ் கார்கள் 44,174-ஐ ஏர்பேக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சரிபார்க்க அழைத்தது. 2023 ஜூலையில் மாருதி, எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599-ஐ ஸ்டியரிங் டை ராடு குறைபாட்டுக்காக அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு, கடிதம் அனுப்பி, இலவசமாக மாற்றித் தருவது நல்ல நிறுவனத்தின் அடையாளம். கவலைப்பட வேண்டியது, கடிதம் வந்தும் போகாத வாடிக்கையாளரைப் பற்றித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி 2021 ஏப்ரல் 1 முதல் அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பல நிறுவனங்களின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டாலே உங்கள் வண்டிக்கு ரீகால் நிலுவையில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

கம்பெனியே கிளம்பிவிட்டால்?

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில் மறைமலைநகர் வருகிறது. அங்கேதான் ஃபோர்டு ஆலை. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஈக்கோஸ்போர்ட், ஃபிகோ, எண்டவர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் கவலைக்குள்ளானார்கள். அதற்கு முன் 2017-ல் செவர்லே விற்பனையை நிறுத்தியிருந்தது. 2022-ல் டாட்சன் விடைபெற்றது.

நிறுவனம் போன பிறகும் சர்வீஸ் தொடரும் என்று அறிவிப்பார்கள். ஓரளவு தொடரவும் செய்யும். ஆயில், பிரேக் பேட் போன்றவை வெளிச்சந்தையிலும் கிடைக்கும். தொல்லை வருவது விபத்துக்குப் பிறகு. பம்பர், ஹெட்லைட், கதவு, எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் பெருநகரத்துக்குச் சுருங்கும். விற்கப் போனால் விலை கேட்கிறவர் தயங்குவார். நல்ல இன்ஜின், உறுதியான கூடு என்று பெயரெடுத்த வண்டிக்கே இந்த நிலை என்றால், வாடிக்கையாளர் சேவை என்பது வண்டியின் இன்னொரு பாகம் என்றுதான் கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்

இங்கேதான் இன்றைய வாங்குபவரின் உண்மையான தவிப்பு இருக்கிறது. நட்சத்திரத்தில் முன்னே நிற்கும் சில வண்டிகளின் சர்வீஸ் பற்றிக் குறை சொல்வோர் அதிகம். சிற்றூர் வரை ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நிறுவனத்தின் சில மாடல்களுக்கு நட்சத்திரம் குறைவு. ஐரோப்பிய வண்டியின் கூடு உறுதி. ஆனால் ஒர்க்‌ஷாப் திருச்சியில். அறுபது கிலோமீட்டர் என்பது சாதாரண நாளில் ஒரு மணி நேரம். வண்டி ஓடாத நாளில் அது ஒரு முழுநாள் சம்பளமும் கிரேன் வாடகையும்.

சர்வீஸ் தரம் கம்பெனியின் பெயரில் மட்டும் இல்லை, டீலரிடம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்கள் இரண்டு விதமாக இருப்பார்கள். எனவே ஷோரூமுக்குப் போவதற்கு முன், அதே டீலரின் ஒர்க்‌ஷாப்புக்குச் சனிக்கிழமை காலை போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அன்றுதான் கூட்டம். தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி ஓரத்தில் நிற்கும் வண்டிகள் எத்தனை? அவை பாகத்துக்காகக் காத்திருப்பவை. பில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் முகம் எப்படி இருக்கிறது? சர்வீஸ் அட்வைசர் வாடிக்கையாளர் சொல்லும் குறையை அப்படியே ஜாப் கார்டில் எழுதுகிறாரா, அல்லது ‘ஜெனரல் செக்கப்’ என்று முடித்துவிடுகிறாரா? வெளியே காத்திருப்பவர்களிடம் பேசுங்கள். மனக்குறை உள்ளவர் தாமாகவே சொல்வார்.

உதிரிபாகங்களைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான் வாங்க முடியும் என்ற நிலைமை பற்றிய சண்டை பழையது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு எதிரானது என்பது ஆணையத்தின் முடிவு. மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டாலும், அது எழுப்பிய கேள்வி உள்ளூர் மெக்கானிக்கை நம்பி வாழும் சிற்றூர்க் கார்க்காரருக்கு இன்றும் பொருந்தும்: உங்கள் வண்டியின் பாகம் பெரம்பலூர்க் கடையில் கிடைக்குமா?

■ பெட்டி 3: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

• இந்த வேரியன்ட்டுக்கு பாரத் என்கேப் அல்லது குளோபல் என்கேப் முடிவு உண்டா? எத்தனை புள்ளி?

• ஈ.எஸ்.சி., ஐந்து பேருக்கும் மூன்றுமுனை பெல்ட், குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா?

• வாரன்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர்? எந்தெந்தப் பாகம் சேராது?

• முன்பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, கிளட்ச் செட் விலை என்ன? எழுத்தில் வாங்குங்கள்.

• விபத்து வேலையை உள்ளூரிலேயே செய்வார்களா, திருச்சிக்கு அனுப்புவார்களா?

• ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

• வண்டியின் தயாரிப்பு மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் இருக்கும். பணம் முழுவதும் கட்டும் முன் சேசிஸ் எண்ணோடு சரிபாருங்கள்.

ஏர்பேக் விரியவில்லை… நீதிமன்றம் என்ன சொன்னது?

டெல்லியைச் சேர்ந்த சைலேந்திர பட்நாகர் 2015 ஆகஸ்டில் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. தலை, மார்பு, பல்லில் காயம். முன் ஏர்பேக்குகள் விரியவில்லை. வழக்கு டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் நின்றது. மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடும், வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவும் உறுதியாயின. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க கார் வாங்குகிறவர் இயற்பியல் நிபுணர் அல்ல. ஏர்பேக் இருக்கும் வண்டி மோதினால் அது விரியும் என்றுதான் அவர் எதிர்பார்ப்பார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எல்லாத் தீர்ப்பும் இப்படி அமைவதில்லை. 2006-ல் மாருதி தொடர்பான சுசீல்குமார் கப்கோத்ரா வழக்கில், வாரன்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையே மாற்றுவதற்கு அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2021-ல் டாடா மோட்டார்ஸ் – அந்தோனியோ பாவ்லோ வாஸ் வழக்கில், 2009 மாடல் காரை 2011-ல் புது வண்டியாக விற்றதற்கு டீலரே பொறுப்பு. நிறுவனத்துக்கு அது தெரியும் என்று நிரூபிக்கப்படாமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. எது தயாரிப்புக் குறை, எது டீலரின் தவறு என்று பிரித்துக் காட்ட வேண்டிய சுமை நம்மிடம் வருகிறது. அந்தச் சுமையைத் தாங்குவது காகிதம் மட்டுமே. ஜாப் கார்டு, பில், மின்னஞ்சல், புகைப்படம், தேதி. அட்வைசரிடம் வாயால் சொன்ன குறை நீதிமன்றத்தில் இல்லாத குறை.

■ பெட்டி 4: புகார் செய்யும் படிகள்

• முதலில் டீலரின் சர்வீஸ் மேலாளருக்கும், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். ஜாப் கார்டு எண்ணோடு.

• பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

• அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் திருச்சியிலோ கம்பெனி டெல்லியிலோ இருந்தாலும் சரி. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆணையம் உண்டு.

• 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். கட்டணம்: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய்.

• பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கு தொடர வேண்டும். வக்கீல் வைக்காமலும் வாதாடலாம்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

நம் ஊரில் முதல் கார் என்பது பலருக்குச் செகண்ட் ஹேண்ட் கார்தான். அவர்கள் கையில் பிடிக்க வேண்டிய தேதிகள் இரண்டு. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1. பக்கத்து இருக்கைக்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2022 ஜனவரி 1. 2019 ஜூலைக்கு முந்தைய அடிப்படை வேரியன்ட்களில் ஏர்பேக்கே இல்லாதவை ஏராளம். இரண்டு லட்சம் ரூபாய்க்கு ‘ஷோரூம் கண்டிஷன்’ என்று வரும் வண்டியில் ஏர்பேக் உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் அந்த வண்டி வேண்டாம். முன்பு விபத்தில் ஏர்பேக் விரிந்து, வெறும் மூடியைப் பொருத்தி விற்கப்படும் வண்டியாக அது இருக்கலாம். அடுத்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. மற்ற இடத்தைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிச்சுருளைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

எதை முதலில் வைப்பது?

பாதுகாப்பு, உழைப்பு, சர்வீஸ் மூன்றும் ஒரே வண்டியில் முழுதாகக் கிடைக்காதபோது எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் வாசகர்களின் கேள்வி. எங்கள் பதில் தெளிவானது. சர்வீஸ் மோசமென்றால் டீலரை மாற்றலாம், புகார் செய்யலாம், வழக்குப் போடலாம். இன்ஜின் தொல்லை கொடுத்தால் செலவழித்துச் சரிசெய்யலாம், நஷ்டத்துக்கு விற்றுவிடலாம். கூடு நசுங்கும் வண்டியை மட்டும் வாங்கிய பிறகு எந்த மெக்கானிக்காலும் திருத்த முடியாது. அந்தக் குறைக்கு ஈடாக நீதிமன்றம் தரும் எந்தத் தொகையும் ஒரு பிள்ளையைத் திருப்பித் தராது.

ஆகவே முதலில் நட்சத்திரத்தை வைத்து உங்கள் பட்ஜெட்டில் நான்குக்குக் குறைவான வண்டிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மிஞ்சுகிறவற்றில் டாக்ஸி டிரைவரும் மெக்கானிக்கும் நல்லபடியாகச் சொல்பவற்றை வையுங்கள். அவற்றில் எந்த டீலரின் ஒர்க்‌ஷாப் உங்களுக்கு அருகிலும் நம்பிக்கைக்கு உரியதாகவும் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நிறம், சன்ரூஃப், தொடுதிரை எல்லாம் அதன் பிறகு. நட்சத்திரம் மிகுந்த வண்டிக்கு ஒர்க்‌ஷாப் தொலைவு என்றால், நீட்டிக்கப்பட்ட வாரன்டியும் சாலையோர உதவித் திட்டமும் சேர்த்து வாங்குங்கள். அந்தத் தொலைவுக்கு விலை அதுதான், கொடுக்கத் தகுந்த விலை.

2014-ல் பூஜ்யம் வாங்கிய சந்தை பத்தே ஆண்டில் ஐந்தைத் தொட்டதற்கு வாங்குகிறவர்கள் நட்சத்திரத்தைக் கேட்கத் தொடங்கியதும் ஒரு காரணம். சர்வீஸைப் பற்றியும் அதே அழுத்தத்தோடு கேட்கத் தொடங்கினால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஷோரூமுக்குப் பின்னால் பாகங்கள் நிறைந்த ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் வைக்காமல் எந்த நிறுவனமும் இங்கே கார் விற்க முடியாது. அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்கும் வரைதான் பேரம் உங்கள் பக்கம். கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிடுங்கள்.